ஐயாவின் வயிறு இறங்கிவிட்டது. வழி இன்னும் ஒடுக்கம்தான்

கேள்வி: டொக்டர், எங்கள் ஐயாவுக்கு 68 வயது. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறார். இரண்டு வருடமாக இடது பக்க அடிவயிற்றில் வலி வந்து வந்து போகும். இரண்டு தடவை காய்ச்சலும் சேர்ந்து வந்து மருந்தெடுத்தார். போன மாதம் ஐந்து நாள் வெளிக்குப் போகவில்லை, வயிறு பானை மாதிரி ஊதிவிட்டது. வீட்டில் ஆமணக்கெண்ணெய் கொடுத்தோம். அன்றிரவு முழுக்க வலியில் துடித்தார். ஆஸ்பத்திரியில் சீ.ரி. ஸ்கான் எடுத்து, பெருங்குடலில் டைவேட்டிகுலா என்ற சின்னப் பைகள் இருக்கின்றன, அதனால் குடல் ஒடுங்கி அடைத்திருக்கிறது என்றார்கள். சேலைனும் ஊசியும் போட்டு ஆறு நாளில் வயிறு இறங்கியது. ஆறு கிழமை கழித்துக் கொலனோஸ்கோபி (மலவாசலால் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்ய வேண்டும், பிறகு ஒப்பரேசன் தேவைப்படலாம், மலம் போக வயிற்றில் வெளிப் பையும் வைக்க வேண்டி வரலாம் என்று கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். ஐயா, “இப்ப சுகம்தானே, காலபோக விதைப்பு வருகுது, நெல்லு வெட்டு முடியப் பார்ப்பம்” என்கிறார். கனடாவில் உள்ள அண்ணா, அங்கே நிறையப் பேருக்கு இது இருக்கிறது, நார்ச்சத்துச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்கிறார். 2009 இல் ஐயாவுக்கு வயிற்றில் செல் (எறிகணை) துண்டு பட்டு ஒப்பரேசன் செய்தது. ஒரு துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எண்ணெய் கொடுத்தது பிழையா? இது கான்சராக இருக்குமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

எண்ணெய் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் மனதில் குத்திக்கொண்டே இருப்பது கடிதத்தில் தெரிகிறது. வெளிக்குப் போகாவிட்டால் பேதி கொடுப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். நீங்கள் புதிதாக ஒரு தவறைச் செய்யவில்லை, ஐயாவும் தப்பிவிட்டார். ஆனால் இனி ஒருமுறையும் செய்யாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது விளங்கினால் ஐயாவின் நோயும் விளங்கிவிடும்.

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில் தொடங்கி, மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கமாக இறங்கி, கடைசியில் பாம்பு போல வளைந்து மலவாசலுக்குப் போகிறது. அந்த வளைந்த பகுதிக்குச் சிக்மொயிட் என்று பெயர். ஐயாவின் ஒடுக்கம் அங்கேதான். தொடங்கும் இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வாயில், ஒரு கதவு இருக்கிறது. வந்தது திரும்பிப் போகாமல் அது தடுக்கும். பலருக்கு இந்தக் கதவு நன்றாகவே மூடும்.

இப்போது சிக்மொயிட்டில் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? உங்களுக்குக் குளத்தை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். துலுசு, அதாவது மதகு, அடைபட்டுவிட்டது. மிகுதித் தண்ணீர் வான் பாயவும் வழியில்லை. மேலேயிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. குளக்கட்டு எங்கே உடைக்கும்? துலுசு அடைபட்ட இடத்தில்தான் உடைக்க வேண்டும் என்றில்லை, கட்டு மெலிந்த இடத்தில் உடைக்கும். பெருங்குடலில் அந்த மெலிந்த இடம் வலது அடிவயிற்றில் இருக்கும் தொடக்கப் பகுதி. அதன் சுவர் மெல்லியது, விட்டம் பெரியது, அதனால் அழுத்தத்தின் இழுவை அங்கேதான் அதிகம். எக்ஸ்ரேயில் அந்தப் பகுதி 9 சென்ரிமீற்றருக்கு மேல் போனாலே நாங்கள் கவனிக்கத் தொடங்குவோம். 12 ஐத் தாண்டினால் எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற பயத்தோடு நிற்போம். அடைப்பு இடது பக்கம் இருக்க, வலது அடிவயிறு தொட முடியாமல் நோகத் தொடங்கினால் அது கெட்ட அறிகுறி.

ஆமணக்கெண்ணெயும் சூரத்து (நிலாவாரை) இலையும் குடலைப் பிடித்துப் பிசைந்து தள்ள வைப்பவை. குடலுக்குள் தண்ணீரையும் இழுத்துவிடும். திறந்த குடலில் அது பேதி. அடைத்த குடலில் அது, ஏற்கெனவே நிரம்பி நிற்கும் குளத்துக்கு மேல்குளத்தையும் திறந்துவிடுவது. ஐயா இரவு முழுக்கத் துடித்தது அதனால்தான். குடல் வெடித்து மலம் வயிற்றறைக்குள் கொட்டினால் திடகாத்திரமான மனிதரைக்கூடக் காப்பாற்றுவது கடினம். பேதி குடித்துவிட்டு இரண்டு நாள் பார்த்திருந்து, வயிறு பலகை மாதிரி இறுகிய பிறகு வந்தவர்களை நான் ஒப்பரேசன் மேசையில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் வீடு திரும்பவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, சாதாரண மலச்சிக்கலையும் அடைப்பையும் வீட்டில் எப்படிப் பிரித்தறிவது? காற்றைக் கேளுங்கள். வெளிக்குப் போகவில்லை, ஆனால் காற்றுப் பிரிகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் மலச்சிக்கல். வெளிக்கும் இல்லை, காற்றும் இல்லை, வயிறு ஊதிக்கொண்டு போகிறது, வலி அலை அலையாக வருகிறது என்றால் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெருங்குடல் அடைப்பில் வாந்தி கடைசியாகத்தான் வரும், சிலருக்கு வரவே வராது.

இனி ஐயாவின் நோய்க்கு வருவோம்.

குடல் சுவரில் ஒரு தசைப் படை இருக்கிறது. அதைத் துளைத்துக்கொண்டுதான் சின்ன இரத்தக் குழாய்கள் உள்ளே போகின்றன. அந்தத் துளைகள் பலவீனமான இடங்கள். வருடக் கணக்கில் உள்ளே அழுத்தம் கூடினால், அந்த இடங்களால் உட்படை வெளியே பிதுங்கும். பழைய சைக்கிள் ரயரில் வெடிப்பு விட்ட இடத்தால் ரியூப் பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. பெருங்குடலில் சிக்மொயிட்தான் மிக ஒடுங்கிய பகுதி, அழுத்தம் கூடுதலாக எழுவதும் அங்கேதான். அதனால் இடது பக்கப் பைகள் பெரும்பாலும் அங்கேதான் வருகின்றன. இந்தப் பைகள் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொல்லையும் வராது.

சிலருக்கு ஒரு பை அழற்சியாகும். இடது அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று நீங்கள் எழுதிய அந்த இரண்டு தடவையும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புண் ஆறும்போது தழும்பு விழும். நெருப்புச் சுட்ட தோல் ஆறும்போது சுருங்கி இழுக்கிறதே, அப்படிக் குடலும் சுருங்கும். தசையும் தடித்துப்போகும். இப்படி வழி கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கி வர, போன மாதம் மூன்றாவது அழற்சி வந்திருக்கிறது. ஏற்கெனவே ஒடுங்கிய வழியில் வீக்கமும் சேர, வழியே மூடியது போலாகிவிட்டது.

சேலைனும் ஊசியும் குடலுக்குக் கொடுத்த ஓய்வும் வீக்கத்தை வற்ற வைத்தன. தழும்பை எந்த ஊசியும் வற்ற வைக்காது. “இப்ப சுகம்தானே” என்று ஐயா சொல்லும்போது நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது இதைத்தான். அடைப்பு இறங்கியிருக்கிறது, ஒடுக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்த அழற்சியிலோ, அந்த இடத்தில் சிக்கும் கட்டி மலத்திலோ அது திரும்ப மூடலாம்.

கான்சரா என்ற கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்கிறேன். மேற்கு நாடுகளின் கணக்கில், பெரியவர்களின் பெருங்குடல் அடைப்பில் பாதிக்கு மேல் புற்றுநோயால் வருவது. இந்தப் பைகளால் வருவது பத்தில் ஒன்று அளவுதான். குடல் தானாக முறுக்கிக்கொள்வதாலும் வரும், நம்முடைய பக்க நாடுகளில் அது கொஞ்சம் கூடுதல். பைகளால் குடல் ஒரேயடியாக மூடுவது குறைவு, பாதி மூடி இழுபறியாக நிற்பதுதான் வழக்கம். ஆகவே ஸ்கானில் பைகள் தெரிந்தாலும் எங்கள் மனதில் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். தழும்பால் ஒடுங்கிய குடலும் புற்றுநோயால் ஒடுங்கிய குடலும் ஸ்கானில் ஒன்றுபோலத் தோன்றுவது உண்டு. பைகள் உள்ள குடலிலேயே புற்றுநோயும் ஒளிந்திருக்கலாம்.

ஐயாவின் கதை தழும்புக் கதைதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டு வருடமாக வந்து போகும் வலி, காய்ச்சல், மருந்தில் அடங்கியது, எல்லாம் அந்தப் பக்கம் காட்டுகின்றன. மெலிந்துகொண்டே போனதாகவோ மலத்தில் இரத்தம் போனதாகவோ நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் எனக்குப் படுவது போதாது. குழாய் விட்டுக் கண்ணால் பார்த்து, அந்த இடத்தில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆறு கிழமை என்று உங்கள் டொக்டர் எழுதியது சரியான கணக்கு. வீங்கிய குடலில் குழாய் விட்டால் கிழியலாம் என்பதால்தான் ஆறு முதல் எட்டுக் கிழமை பொறுக்கிறோம். அதற்கு மேல் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒடுக்கத்துக்குள் குழாய் போகாமலும் இருக்கலாம். மெல்லிய குழாயால் முயல்வார்கள், அல்லது காற்றுச் செலுத்தி ஸ்கான் எடுப்பார்கள். எடுத்த துணுக்கில் கான்சர் இல்லை என்று வந்தாலும், ஒடுக்கம் முழுவதையும் பார்க்க முடியாமல் போயிருந்தால், கான்சர் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படியான நேரத்தில் அந்தத் துண்டை வெட்டி எடுத்து முழுவதாகச் சோதிப்பதுதான் கடைசி வழி. இதை ஐயாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறகு “முதலில் இல்லை என்றார்கள், இப்போது வெட்டச் சொல்கிறார்கள்” என்று நம்பிக்கை இழக்கமாட்டார்.

கொலனோஸ்கோபிக்கு முதல் நாள் குடலைக் கழுவ ஒரு மருந்துத் தண்ணீர் கொடுப்பார்கள். ஐயாவுக்கு ஏற்கெனவே அடைத்தது என்பதை மருந்து தருபவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறுநீரகத்தில் குறை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வவுனியாப் பக்கம் அந்த நோய் உள்ளவர்கள் பலர், சில கழுவும் மருந்துகள் அவர்களுக்கு ஆகாது. குடிக்கத் தொடங்கிய பிறகு வெளிக்குப் போகாமல் வயிறு ஊதினால் அந்தக் கணமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அண்ணா சொன்னதில் பாதி உண்மை. 1971 இல் பெயின்ரர், பேர்கிற் என்ற இரண்டு மருத்துவர்கள், தீட்டிய மாவும் சீனியும் தின்று நார்ச்சத்துக் குறைந்ததால்தான் மேற்கில் இந்த நோய் பெருகியது, ஆபிரிக்காவின் கிராமங்களில் இது அரிது என்று எழுதினார்கள். அந்தக் கருத்தில் பிறகு பல திருத்தங்கள் வந்தாலும், நார்ச்சத்து இந்த நோயாளிகளுக்கு நல்லது என்பது இன்றும் நிற்கிறது. எள்ளு, கொய்யா விதை, கச்சான் எல்லாம் பைக்குள் போய் அடைக்கும் என்று ஒரு பயம் உண்டு. அமெரிக்காவில் 47,000 இற்கு மேற்பட்ட ஆண்களை 18 வருடம் தொடர்ந்து கவனித்து 2008 இல் வெளியான ஆய்வில், கச்சான் போன்ற பருப்புகளும் சோளமும் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி கூடுதலாக வரவில்லை.

ஆனால் அதெல்லாம் வழி திறந்திருக்கும் குடலுக்கான கதை. ஐயாவின் வழி ஒடுங்கியிருக்கிறது. ஒடுங்கிய வாய்க்காலில் வைக்கோலைப் போட்டால் என்ன நடக்கும்? கொலனோஸ்கோபி முடியும் வரை பனங்கிழங்கு, ஒடியல், முருங்கைக்காய்ச் சக்கை, பலாச்சுளை, வாழைப்பூ, தோலோடு கடலை, தும்புள்ள மரவள்ளி இவற்றை விடுங்கள். குழையக் காய்ச்சிய சோறு, இடியப்பமும் சொதியும், மீன், முட்டை, தோல் நீக்கிய பருப்பு, பூசணி, தயிர், பப்பாளி போதும். ஒரு நேரம் வயிறு முட்டச் சாப்பிடுவதை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தரம். தண்ணீர் தாராளமாக. மலத்தை இளக்க டொக்டர் பாணி ஏதும் தந்திருந்தால் அதைச் சொன்ன அளவில் எடுக்கலாம். அது பேதி மருந்து அல்ல. முதுகுவலி, மூட்டுவலி என்று கடையில் டைக்குளோபினாக், இபுபுறூபன் வாங்கிப் போடும் பழக்கம் ஐயாவுக்கு இருந்தால் உடனே நிறுத்துங்கள், இந்தப் பைகள் வெடிப்பதற்கு அவை துணை போகும். பரசிற்றமோல் போதும். புகைப்பவராக இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். குரக்கனும் கீரையும் பிறகு வரலாம், ஒடுக்கம் தீர்ந்த பிறகு.

ஒப்பரேசன் என்றதும் ஐயா பின்வாங்குவதற்கு விதைப்பு மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். பை என்ற சொல்தான் அவரைப் பயப்படுத்தியிருக்கும். அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

ஆறுதலாகத் திகதி வைத்துச் செய்யும் ஒப்பரேசனில், குடல் கழுவப்பட்டிருக்கும், வீக்கம் இருக்காது, இரத்தக் குறைவும் சீனியும் சரிபார்க்கப்பட்டிருக்கும். ஒடுங்கிய துண்டை வெட்டிவிட்டு இரு முனைகளையும் அன்றே பொருத்திவிடும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. பை தேவைப்படாமலே போகலாம், அல்லது பொருத்திய இடம் ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டும் வைக்கலாம். அதையே நள்ளிரவில், ஊதி வெடிக்கப்போகும் குடலோடு செய்தால் கதை வேறு. வீங்கி அழுகும் நிலையில் உள்ள முனைகளைப் பொருத்தினால் தையல் விடும். அதனால் பெரும்பாலும் துண்டை வெட்டி, மேல் முனையை வயிற்றுத் தோலுக்குக் கொண்டுவந்து பையில் விட்டு, கீழ் முனையை மூடிவிடுவோம். பிரெஞ்சு மருத்துவர் ஹாட்மன் 1921 இல் புற்றுநோய்க்காகச் சொன்ன முறை அது. மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பொருத்தலாம் என்று சொல்வோம். ஆனால் வயதானவர்களில் பலருக்கு அந்த இரண்டாவது ஒப்பரேசன் நடக்காமலே போகிறது, பை நிரந்தரமாகிவிடுகிறது. பைக்குப் பயந்து நாள் தள்ளுபவர்களுக்குத்தான் பை வரும் சாத்தியம் கூட. ஐயாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

காலபோகத்தைப் பற்றியும் யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொலனோஸ்கோபிக்கு இரண்டு மூன்று நாள்தான் போகும், விதைப்பைப் பிள்ளைகளோ பக்கத்து வயல்காரரோ பார்த்துக்கொள்ளலாம். ஒப்பரேசன் தேவை என்றால் அதை நெல் வெட்டுக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்று முடிவு பார்த்த பிறகு உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரோடு கதைக்கலாம். கான்சர் இல்லை என்றால் அந்த அளவு இடம் அவர் தரக்கூடும். ஒன்றும் பார்க்காமல் கார்த்திகை, மார்கழியை எதிர்கொள்வதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. வான் பாய்ந்து ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடும் நாளில், இரவு பன்னிரண்டு மணிக்கு வயிறு ஊதினால் அவரை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்?

பை வைக்கத்தான் வேண்டும் என்றாலும் அதோடு வாழலாம். வயலுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், குளிக்கலாம். பாரம் தூக்குவதை மட்டும் சில மாதம் தவிர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தால் குடல் இறங்கும். ஒன்றை மறக்காதீர்கள். ஒப்பரேசனுக்கு முன், ஐயா சாரம் கட்டி, நின்று, இருந்து, குனிந்து காட்டி, பை வரும் இடத்தைப் பேனையால் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். சாரத்தின் முடிச்சுக்கும் பட்டிக்கும் கீழே பை அகப்பட்டால் நாள் முழுக்கக் கசியும். வாட்டில் படுத்திருக்கும்போது நல்ல இடமாகத் தெரிவது, வரம்பில் குனியும்போது மடிப்புக்குள் போய்விடும். வெறும் இரண்டு நிமிட வேலை அது. பிறகு வருடக் கணக்கான தொல்லையைத் தவிர்க்கும்.

கடைசியாக 2009 காயம். வன்னியில் வயிற்றில் பழைய தழும்போடு வருபவர்கள் எத்தனையோ பேர், அதனால் இதைக் கேட்டது நல்லது. திறந்து செய்த ஒப்பரேசனுக்குப் பிறகு குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டலாலும் அடைப்பு வரும். ஆனால் அது பெரும்பாலும் சிறுகுடலில், வாந்தி முதலிலேயே வந்துவிடும். ஐயாவுக்கு ஸ்கானிலேயே இடம் தெரிந்துவிட்டதால் இம்முறை அது காரணம் அல்ல. அடுத்த ஒப்பரேசனை அந்த ஒட்டல்கள் சிக்கலாக்கும், சிறு துளை வழியாகச் செய்ய முடியாமல் திறந்து செய்ய வேண்டி வரலாம். அதனால் அன்று என்ன செய்தார்கள், குடலில் ஏதாவது வெட்டினார்களா என்று டொக்டர் கேட்பார். இடம்பெயர்வில் அன்றைய ஆஸ்பத்திரித் துண்டுகள் தொலைந்திருந்தால் பரவாயில்லை, ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். உள்ளே இருக்கும் செல் துண்டால் எக்ஸ்ரேக்கோ சீ.ரி. ஸ்கானுக்கோ ஆபத்து இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கான் வேறு, அதன் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கலாம். யாராவது எம்.ஆர்.ஐ. என்று எழுதினால் உள்ளே துண்டு இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது இன்னும் நல்லது.

வீட்டில் எல்லோரிடமும், சின்னப் பிள்ளைகளிடமும் கூட, சொல்லி வையுங்கள்: காற்றுப் பிரியாமல் வயிறு ஊதினால், வலி விடாமல் நின்றால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அல்லது துடித்த வலி திடீரென்று அடங்கி உடம்பு குளிர்ந்து வியர்த்தால், வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் 1990 இற்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். கொப்பியையும் ஸ்கான் படத்தையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.

கொலனோஸ்கோபித் திகதி எப்போது என்று கடிதத்தில் எழுதவில்லை. இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய் எடுத்துவிடுங்கள். ஐயா வரமாட்டேன் என்றால் அவருக்காக நீங்கள் கொப்பியோடு போனாலும் திகதி தருவார்கள். பார்த்து முடிந்ததும் என்ன எழுதினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.